நோ டிஸ்க்

மூன்றாம் முறையாக மாடிப்படி ஏறி வந்தார் பொய்யாமொழி.
கீழே மக்கன் பேடா கடையில் பாகு கொதிக்கும் வாசனை,
மேலே எங்கள் ஆறு கம்ப்யூட்டர்களின் சூடு.
கைக்குட்டையில் சுற்றிய சிடியை
மேசைமேல் வைத்தார், பல்செட்டைக் கழற்றி வைப்பதுபோல.

"இன்னாம்மா இது, உள்ளாறதான் கீது.
இல்லன்னு எழுதிக் காட்டுது."

அது ஒரு ஜப்பான் பெட்டி.
தோல் வாங்க வந்த இத்தாலிக்காரர்
எண்பத்தொன்பதில் ஊர் திரும்பும்போது
மேனேஜருக்குக் கொடுத்தது.
மேனேஜர் வீடு மாறும்போது
வாட்ச்மேனுக்கு வந்தது.
கூடவே வந்த நாலு வயலின் தட்டுகளை
இன்றைக்கும் பிசிறில்லாமல் பாடுகிறதாம்.
நான் எழுதிக் கொடுத்ததை மட்டும்
தொண்டைக்குள் ரெண்டு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு
பச்சை எழுத்தில் நோ டிஸ்க்.

கடையிலிருந்த எண்ணூறு ரூபாய் சைனா பிளேயரில்
அதே தட்டைப் போட்டுக் காட்டினேன்.
ஒரு கேள்வி கேட்காமல் ஓட்டியது.
அவருக்கு அது ஒரு பதிலாகப் படவில்லை.

தெரிந்ததைச் சொன்னேன்.
கம்பெனித் தட்டில் பள்ளம் அச்சிலேயே விழுந்திருக்கும்.
நம்முடையதில் பள்ளமே கிடையாது,
சாயத்தைச் சுட்டு மங்கவைத்த புள்ளிகள்,
லேசருக்குப் பள்ளம் மாதிரித் தோன்றும், அவ்வளவுதான்.
அனுப்பிய வெளிச்சம் கொஞ்சம் குறைந்து திரும்பினாலும்
பழைய கண்ணுக்குப் போதாது.
அழித்து எழுதுகிற தட்டு இன்னும் மங்கல்,
அதை வாங்கவே வாங்காதீர்கள்.

சாயம் என்றதும் நிமிர்ந்தார்.
பதினேழு வருஷம் தோலுக்குச் சாயம் ஏற்றிய கை,
வாட்ச்மேன் ஆக்கப்படுவதற்கு முன்னால்.
நகத்தோரம் இன்னும் நீலம்.
"சாயம் சரியா புடிக்கணும்னா
டிரம்ம மெதுவா சுத்த உடணும்.
நீ இன்னா வேகத்துல சுத்தின?"
ஐம்பத்திரண்டு, என்றேன்.
சிரித்தார். வெகுநேரம் சிரித்தார்.

நான்கில் எழுதினேன்.
முடிவில் மறக்காமல் தட்டை மூடச் சொன்னேன்;
மூடாத தட்டு பழைய பெட்டிக்குப்
பொருளடக்கம் கிழிந்த புத்தகம்.
காத்திருந்த பத்து நிமிஷம்
ஹெட்போனில் அவர் கேசட்டைக் கேட்டேன், முதல்முறையாக.
மைக் இல்லாத ஃபேக்டரி கேட்,
எண்பத்தேழு ஆடி மாதக் காற்று, லாரி ஹாரன்,
நடுவே ஒரு இளங்குரல், நாளுக்கு
இரண்டு ரூபாய் நாற்பது காசு கூடுதலாகக் கேட்கிறது.
கேட்டுக்கொண்டே இருக்கிறது.
அதே கேட்டில்தான் அவருக்கு இப்போது நாற்காலி.

மறுநாள் வந்தார்.
பாடியதாம், விடியற்காலையில்,
பெட்டிக்குச் சூடு ஏறுமுன்,
பதினோராம் நிமிஷம் வரைக்கும்.
பிறகு கூலி உயர்வு என்கிற இடத்தில் மாட்டிக்கொண்டு
கூ
கூ
கூ
பக்கத்து வீட்டுப் பையன் குயிலைத் தேடி வந்துவிட்டானாம்.
"அன்னிக்கும் அதுக்கு மேல எவனும் கேக்கல" என்றார்.

தேறாத இரண்டுக்குக் காசு வேண்டாமென்றேன்.
எழுபத்தைந்து ரூபாயையும் எண்ணி வைத்தார்,
தேறாததையும் கேட்டு வாங்கிப் போனார்.

போன வெள்ளிக்கிழமை
ராணிப்பேட்டைக்குக் கடைசி பஸ்.
பாலாற்றுப் பாலத்தில் விளக்கு எரியவில்லை,
கீழே ஆறு இருக்கவேண்டிய இடத்தில் மணல்.
முன்னால் ஏதோ போவது
கடைசி நொடி வரைக்கும் யாருக்கும் தெரியவில்லை,
டிரைவர் பெரிய லைட்டைத் தட்டும் வரை.
பின் மட்கார்டில் கம்பி போட்டுக் கட்டிய ஒரு வட்டம்
அனுப்பியதை அப்படியே திருப்பி அடித்தது,
பச்சை, ஊதா, பிறகு கண் கூசும் வெள்ளை.
டிரைவர் வேகத்தைக் குறைத்து
ஹாரன் கூட அடிக்காமல்
வலப்பக்கம் ஒதுங்கிப் போனார்.

ஐம்பத்திரண்டில் எழுதியதாகத்தான் இருக்கும்.